பார்த்தது, கொத்தியது, துப்பியது

மேசை இழுப்பறையில் மகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் நான்கு பக்கம் பின்னக் கணக்கு. ஐந்தாம் பக்கத்திலிருந்து என் கையெழுத்து. 2012 மார்ச், ஏப்ரல் மாதத் தேதிகள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு மூன்று சொற்கள். ‘பார்க்கவில்லை.’ ‘பார்த்தது.’ ‘கிட்டே வந்தது.’ ‘கொத்தியது, துப்பியது.’ எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிக்குப் புதிதாக வந்த ஒரு மீன் சாப்பிட மறுத்த நாட்களின் கணக்கு அது.

காப்பர்பேண்ட் என்று கடைகளில் சொல்வார்கள். பட்டாம்பூச்சி மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளி உடம்பில் மேலிருந்து கீழாகச் செம்மஞ்சள் பட்டைகள். முதுகுத் துடுப்பின் பின்கோடியில் கண் மாதிரி ஒரு கரும்புள்ளி. வாய் நீண்டு கூம்பி, நுனியில் ஒரு அரிசிமணி நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். அந்தமான் கடல் தொடங்கி ஜப்பானின் தென்கோடித் தீவுகள், ஆஸ்திரேலியா வரை, பவளப்பாறை இடுக்குகளில் அந்த வாயை நுழைத்துப் புழுக்களையும் சிற்றுயிர்களையும் கவ்வித் தின்பது அதன் பிழைப்பு. பெரம்பூரில் ஒரு மாடி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மேலிருந்து தூவுகிற குருணையை அது உணவு என்று எப்படி அறியும்? இந்தக் கேள்வி எனக்குள் எழுவதற்கு முன்னால் ஒரு மீன் செத்துப்போனது.

அது 2010-ல். நன்னீர் மீன்கள் எனக்குச் சிறுவயதுப் பழக்கம். கொளத்தூருக்குப் பக்கத்தில் வளர்ந்த பையனுக்கு அது தானாக வரும். அங்கே தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடை, வீட்டு மாடிகளிலும் கொல்லைகளிலும் சிமெண்ட் தொட்டிகள். கப்பியும் மோலியும் கையைக் கண்டாலே மேலே வந்து வாய் பிளக்கும். தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்தவை. கை வந்தால் தீனி வரும் என்பது அவற்றுக்குக் குஞ்சிலேயே தெரியும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் கடல்மீனிடம் போனேன். காப்பர்பேண்டை ஒரு கடையில் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிட்டது. “நல்லா சாப்பிடுது சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்றார்கள். சாப்பிடுவதைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அது குருணையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகம் போட்டேன். மூன்றாம் நாள் இன்னும். தொட்டியில் ஏற்கெனவே இருந்த டாம்சல் மீன்கள் முடிந்தவரை தின்று தீர்த்தன, மிச்சமெல்லாம் பாறைக்கடியில் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் நாள் அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சள் பச்சையாக மாறியது. ஏழாம் நாள் மீன் மேல்மட்டத்தில் நின்று மூச்சுக்குத் தவித்தது. ஒன்பதாம் நாள் காலையில் ஃபில்டர் குழாயோடு ஒட்டிக் கிடந்தது. பசியில் செத்ததா, அதன் பசியைத் தீர்க்க நான் கொட்டியது அழுகிய தண்ணீரில் செத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே என் கை வழியாக நடந்தவை. அந்த மீனைக் கையில் எடுத்தபோது தலைக்குப் பின்னால் முதுகுத் தசை கத்தி மாதிரி மெலிந்திருந்ததை விரல் உணர்ந்தது. ஒன்பது நாளும் அதைப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பட்டாம்பூச்சி மீன் பக்கவாட்டில் எப்போதும் முழு நிலா மாதிரிதான் இருக்கும். மெலிவை அறிய அதன் முகத்துக்கு நேரே நின்று பார்க்க வேண்டும். அன்றிலிருந்து எந்த மீனையும் நான் முதலில் நேருக்கு நேர்தான் பார்க்கிறேன்.

அதன்பிறகு ஒன்றரை வருடம் புது மீன் வாங்கவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். கடைக்காரர்களிடமும் மண்டபம் பக்கம் மீன்வளத் துறையில் படித்த ஒரு நண்பனிடமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் புரிந்தது, ஒரு கடல்மீன் நம் வீட்டுக்கு வருமுன் என்னென்ன பட்டிருக்கிறது என்பது. பாறையில் வலைபோட்டுப் பிடிக்கிறார்கள். பிறகு பிடித்தவரின் தொட்டி, ஏற்றுமதியாளரின் தொட்டி, விமானம், மொத்த வியாபாரியின் தொட்டி, கடைத் தொட்டி. பையில் கட்டி அனுப்புமுன் ஒன்றிரண்டு நாள் வேண்டுமென்றே பட்டினி போடுவார்கள். வயிற்றில் தீனி இருந்தால் வழியில் கழிந்து பைத்தண்ணீரைக் கெடுத்துவிடும். இப்படிக் கைமாறிக் கைமாறி வந்து சேர்கிற மீன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமலே வந்திருக்கக்கூடும். நாம் முதல் நாள் என்று எண்ணுவது அதற்கு எட்டாவது நாள்.

பைக்குள் இன்னொன்றும் நடக்கிறது. மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் காரத்தன்மை குறையும். அந்த நிலையில் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அவ்வளவாக நஞ்சாகாமல் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, காரத்தன்மை ஏறி, அடங்கிக் கிடந்தது அத்தனையும் செவுளைச் சுடும். முதல் மீனுக்கு நான் பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் கலந்தேன். பொறுமையாகச் செய்கிறேன் என்று நினைத்து அதைச் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கடலில் வாழ்வதே அந்த உடம்புக்கு ஓயாத உழைப்பு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடல்மீனின் இரத்தத்தில் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடம்பின் நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியேற்ற வேண்டும். சாப்பிடாத மீனும் இந்த வேலையை நிறுத்த முடியாது. சிங்க மீன், களவா போன்ற வேட்டை மீன்கள் ஒருமுறை வயிறு நிறைந்தால் பல நாள் தாக்குப்பிடிக்கும். நாளெல்லாம் கொறித்துத் தின்னும் மீன்களுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது.

மறுக்கும் மீனைச் சாப்பிட வைப்பதில் எனக்கு முதலில் கைகொடுத்தது கொரியர்களின் கடை. 2011 கடைசியில் பவுடர் புளூ டாங் ஒன்று வாங்கினேன். லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கத்து மீன். வானநீல உடம்பு, மஞ்சள் முதுகுத் துடுப்பு. பாறையில் படியும் பாசியைக் காலை முதல் மாலை வரை சுரண்டித் தின்பது. முதல் நான்கு நாள் எதையும் தொடவில்லை. சென்னையில் கார் தொழிற்சாலை வந்தபின் கொரியக் குடும்பங்கள் நிறைய வந்தன, அவர்களுக்கென்று மளிகைக் கடைகளும் வந்தன. அங்கே சோற்றைச் சுருட்டித் தின்னும் கடற்பாசித் தாள் கிடைக்கும். எண்ணெயும் உப்பும் தடவாத வெறும் தாளாகப் பார்த்து வாங்கி வந்தேன். கண்ணாடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டபோது மீன் அதைக் கண்டு ஒளிந்தது. அதே தாளை ஒரு கூழாங்கல்லில் ரப்பர் வளையம் போட்டுச் சுற்றித் தரையில் வைத்தேன். இருபது நிமிடத்தில் ஒரு விளிம்பு காணாமல் போயிருந்தது. தாள் ஒன்றுதான். தொங்கியபோது அது தெரியாத பொருள். கல்லில் ஒட்டியிருந்தபோது பாசி. கிளிப்பில் சாப்பிட அந்த மீனுக்குப் பத்து நாள் ஆனது.

கோமாளி மீன்கள் வேறு விதம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களிலும் அவற்றை முட்டையிலிருந்து வளர்த்து வெற்றி கண்டிருக்கிறார்கள். அப்படி வளர்ப்புத் தொட்டியில் பிறந்த இரண்டு என்னிடம் வந்தன. பையிலிருந்து விட்ட ஒரு மணி நேரத்தில் குருணைக்குப் பாய்ந்தன. கொளத்தூர் மோலிகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. உப்புநீரோ நன்னீரோ, பிறந்த இடமே பேசுகிறது.

2012 மார்ச் முதல் வாரத்தில் கொளத்தூரில் தெரிந்த ஒரு கடைக்காரர் அழைத்தார். “ஒரு காப்பர்பேண்ட் வந்திருக்கு சார். ஆனா நான் விக்கிறதுக்காகக் கூப்பிடல. நாலு நாளா வாய் வைக்க மாட்டேங்குது. நீங்க என்னென்னமோ முயற்சி பண்றீங்களே, வந்து பாருங்க.” போனேன். முகத்துக்கு நேரே நின்று பார்த்தேன். முதுகு இன்னும் முழுதாக ஒட்டவில்லை; கண்ணுக்கு மேலே லேசாகப் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. வயிறு உள்வாங்கியிருந்தது. ஆனால் என் விரல் அசைந்த பக்கமெல்லாம் அதன் கண் அசைந்தது. பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவிய சயனைடு மீன்பிடிப்பைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, எந்த இறக்குமதி மீனைப் பார்த்தாலும் அந்தப் பயம் எழும். அப்படிப் பிடித்த மீன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சாகும் என்பார்கள். இந்த மீன் எப்படிப் பிடிபட்டது என்று கண்டறிய எனக்கு வழியில்லை. கண் அசைகிறது என்பதை மட்டும் நம்பி எடுத்து வந்தேன். மகள் பையிலேயே அதற்கு ஊசிமூக்கன் என்று பெயர் வைத்துவிட்டாள்.

இந்த முறை தனிமைத் தொட்டி தயாராக இருந்தது. நூறு லிட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள். வேறு மீன் இல்லை. பைத்தண்ணீரின் உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, தொட்டியை முன்கூட்டியே அதே அளவுக்குக் கொண்டுவந்து, பையைத் திறந்த கையோடு மீனை மட்டும் மாற்றினேன். விளக்குப் போடவில்லை. மூன்று பக்கம் செய்தித்தாள் ஒட்டினேன். நோய்க்கு முன்காப்பாகத் தாமிர மருந்து போடச் சொல்லிச் சிலர் அறிவுரை தந்தார்கள். அந்த மருந்து இருக்கிற பசியையும் கெடுக்கும் என்பதால் சாப்பிடும்வரை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவில் ஆபத்து இருந்தது. இப்போதும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மகளிடம் நோட்டு வாங்கியது அன்று இரவுதான்.

நாள் 2. உறையவைத்த மைசிஸ் என்ற கூனி வகை, கரைத்து. பார்க்கவில்லை. மாலையும் அப்படியே. நாள் 3. காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த பச்சைச் சென்னாக்கூனி, பூண்டுச் சாற்றில் ஊறவைத்தது. பார்க்கவில்லை. பூண்டு வாசனை பசியைக் கிளப்பும் என்று மீன் வளர்ப்பவர்கள் பலர் சொல்வார்கள். டாங்குக்கு அது உதவியது, ஊசிமூக்கனிடம் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. போட்ட எதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடவில்லை. சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு அம்மோனியா பார்த்து எழுதினேன். பழைய பாடம் அது.

நான்காம் நாள் காலை எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தேன். தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்டீமியா இயற்கையாகவே உண்டு. உப்பு ஏறிய பாத்திகளில் மிதக்கும் ஒரு சென்டிமீட்டர் அளவு இளஞ்சிவப்பு உயிர்கள். முட்டை டப்பா வாங்கிக் காற்றடித்த உப்புநீரில் ஒரு நாள் வைத்தால் நானே பொரித்துக்கொள்வேன். ஆனால் பொரித்த குஞ்சு தூசி மாதிரி இருக்கும், இந்த மீனின் கண்ணுக்கு அது போதாது. வளர்ந்தது வேண்டும். தூத்துக்குடி நண்பன் தன் மாமா உப்பளத்தில் துணியால் வடித்து, ஆக்சிஜன் பையில் கட்டி, சென்னை வந்த உறவினர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தான்.

கண்ணாடி டம்ளர் ஒன்றில் இருபதை எண்ணித் தொட்டியில் விட்டேன். ஊசிமூக்கன் குழாயை விட்டு வெளியே வந்தது. ஒன்றின் பின்னாலேயே போய், மூக்குநுனியை அதற்கு நேரே வைத்து, அப்படியே நின்றது. அதன் இரண்டு கண்ணும் முன்பக்கம் குவிந்து அந்த ஒரு புள்ளியைப் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை. பிறகு விலகியது. அன்றைய நோட்டில் ‘பார்த்தது. நின்றது.’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “சாப்பிட்டதா?” என்று கேட்டாள். “இல்லை. ஆனால் பார்த்தது” என்றேன். அதுவரை மீன் தின்கிறது அல்லது தின்னவில்லை என்ற இரண்டே நிலைகள்தான் எனக்குத் தெரியும். முதல் மீன் அந்த ஒன்பது நாளில் எதையாவது இப்படி நின்று பார்த்திருக்கலாம். நான் கவனித்ததில்லை, ‘தின்னவில்லை’ என்று மட்டும் கண்டு, கொட்டுவதைத் தொடர்ந்தேன்.

ஐந்தாம் நாள் மூன்றைக் கொத்தியது. இரண்டைத் துப்பியது. ஒன்று உள்ளே போனது.

சந்தோஷம் இருந்தது, ஆனால் இதை வைத்து மீனைக் காப்பாற்ற முடியாது என்பதும் தெரிந்தது. ஆர்டீமியாவில் பெரும்பகுதி தண்ணீர். கடல்மீனுக்கு வேண்டிய கொழுப்புச் சத்து மிகக் குறைவு. அதற்குத் தனியாக ஊட்டம் கொடுத்துப் பிறகு மீனுக்குப் போட வேண்டும். அதோடு, திறந்த தண்ணீரில் நீந்துவதைத் துரத்துவது இந்த மீனின் தொழில் இல்லை. இடுக்கில் இருப்பதைக் கவ்வுவதுதான். மண்டபத்து நண்பன் போனில் கேட்டான்: “உன் தனிமைத் தொட்டியில என்ன இருக்கு?” குழாய், ஃபில்டர் என்றேன். “சுத்தமா வச்சிருக்க. அதுக்கு அது பாலைவனம்டா. எங்க கொத்தும்? மட்டி கொண்டுவந்து ஓட்டோட வை.”

மட்டிக்கு எண்ணூர் முகத்துவாரம்தான் பக்கம். ஆனால் அங்கே சாம்பலும் ஆலைக்கழிவும் கலந்த நீரை வடிகட்டித் தின்ற மட்டியை ஒரு நலிந்த மீனுக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரி இறங்கி, பேருந்து பிடித்துப் பழவேற்காடு போனேன். ஏரிக்கரையில் ஒரு அக்கா கூடை வைத்திருந்தார். முப்பது மட்டி கேட்டேன், சின்னதாக, உயிரோடு.

“முப்பதா? கொழம்புக்கா தம்பி? எத்தினி பேரு வூட்டுல?”

“மீனுக்கு அக்கா. வீட்டுல வளக்குற மீனு. சாப்பிட மாட்டேங்குது.”

அவர் சிரிக்கவில்லை. கூடையைக் கிளறி, வாய் இறுக மூடியிருப்பதாகப் பார்த்துப் பொறுக்கினார். “வாய் தொறந்தது போட்டுடாதே, செத்தது அது. ஏரித் தண்ணி கொஞ்சம் மொண்டுக்கோ, கோணியை நனைச்சு மேல போடு” என்றார். கிளம்பும்போது, “முழுசா தொறக்காதே. பாதி தொறந்து வை. இங்க மீனு அப்படித்தான் வாய் வைக்கும்” என்றார். எந்தப் புத்தகத்திலும் எனக்கு அவ்வளவு துல்லியமாக யாரும் சொல்லவில்லை.

மட்டிகளை ஒரு வாளிச் சுத்தமான உப்புநீரில் காற்றடித்து ஒன்றரை நாள் வைத்து மணலும் சேறும் கக்கவிட்டேன். எட்டாம் நாள் மாலை ஒன்றைக் கத்தியால் கீறி, அரைவிரல் அகலம் திறந்து, தொட்டியின் மூலையில் சாய்த்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அந்த வருடம் சென்னையிலும் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்கள் பகுதிக்கு அன்று நான்கு முதல் ஆறு. பேட்டரி ஏர் பம்பை மாட்டிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஃபில்டர் இரைச்சல் இல்லை, குளிர்விப்பான் உறுமல் இல்லை. அம்மா அடுக்களையில் விசிறிக்கொண்டிருந்த சத்தம் மட்டும்.

ஊசிமூக்கன் வந்தது. மட்டியைச் சுற்றி ஒரு வட்டம். மேலிருந்து ஒரு பார்வை. ஓட்டின் விளிம்பில் மூக்கால் ஒரு தட்டு. பின்வாங்கியது. மறுபடி வந்து, திறந்த வாயின் நடுவே அந்த நீண்ட மூக்கைச் சரியாக நுழைத்து இழுத்தது. ஒரு நார் வந்தது. துப்பியது. மறுபடி கவ்வியது. துப்பவில்லை. அதன்பின் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஆறு மணிக்கு விளக்கு வந்தபோது ஓட்டுக்குள் சதை பாதிதான் இருந்தது. மகள் டியூஷன் முடிந்து படியேறி வரும் சத்தம் கேட்டு வாசலுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன்.

தினம் இரண்டு மட்டி. பதினைந்தாம் நாள் கண்ணுக்கு மேலிருந்த பள்ளம் தூர்ந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பழவேற்காட்டுக்கு வண்டி ஏற முடியாது. அடுத்த வேலை, மட்டியிலிருந்து கையில் கிடைக்கும் உணவுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. பாதி தின்ற மட்டி ஓட்டுக்குள் நசுக்கிய சென்னாக்கூனியை விரலால் அழுத்தி வைத்தேன். மட்டியென்று நினைத்துக் கவ்வியது; துப்பியது. நோட்டில் ஐந்து நாள் ‘துப்பியது’ என்றே இருக்கிறது. ஆறாம் நாள் ‘துப்பியது, பிறகு அதையே எடுத்தது.’ இருபத்தோராம் நாள் வெறும் மட்டி ஓட்டில் முழுக்கச் சென்னாக்கூனி. ஓட்டின் உருவத்துக்காகவே தின்றது.

பிறகு ஓட்டையும் எடுக்க வேண்டியிருந்தது. மற்ற நாடுகளில் இந்தக் கட்டத்தில் பவளக்கல் துண்டைப் பயன்படுத்துவார்கள். நம் நாட்டில் பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; செத்த பவளத்தைக்கூட எடுக்கவோ விற்கவோ கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தே பாறைகளை அழித்தார்கள் என்பதை அறிந்தவனுக்கு அந்தச் சட்டம் பாரமாகத் தெரியாது. பக்கத்துத் தெருவில் இடித்த பழைய வீட்டிலிருந்து ஒரு நாட்டு ஓடு எடுத்துவந்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, டிரில்லில் பென்சில் பருமனுக்குப் பன்னிரண்டு துளை போட்டேன். ஒவ்வொரு துளையிலும் சென்னாக்கூனி. முதல் நாள் மூன்று துளையில் மட்டிச் சாறு தடவினேன். ஊசிமூக்கன் அந்த மூன்றை மட்டும் காலி செய்தது. நான்காம் நாள் பன்னிரண்டும் காலி. துளையிலிருந்து தவறி மிதந்து போன ஒரு துணுக்கைத் தண்ணீரிலேயே துரத்திப் பிடித்தது முப்பதாம் நாள். அந்த வரிக்கு நேரே மகள் ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கிறாள்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். பாறைகளைக் கொஞ்சம் இடம் மாற்றி அடுக்கி, டாம்சல்களின் எல்லைகளைக் குழப்பிவிட்டுத்தான் விட்டேன். இருந்தும் அவை துரத்தின. ஊசிமூக்கன் ஒரு மூலைக்குப் போய் நின்றது. சென்னாக்கூனி கண்ணெதிரே மிதந்து போனது, பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. நோட்டில் பழைய சொல் திரும்பி வந்தது. நாற்பது நாளின் உழைப்பும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோனதாக நினைத்து அன்றிரவு தூங்கவில்லை.

விடியற்காலையில் எழுந்து, மொட்டை மாடியில் காயவைத்திருந்த அந்த நாட்டு ஓட்டை எடுத்துவந்தேன். துளைகளை நிரப்பி, அது நின்ற மூலையில், அதற்கு எதிரே வைத்தேன். விளக்குப் போடுமுன், டாம்சல்கள் பாறைக்குள் இருக்கும்போதே. ஊசிமூக்கன் திரும்பியது. எந்தத் தயக்கமும் இல்லாமல் ஓட்டுக்கு வந்து முதல் துளையில் மூக்கை நுழைத்தது.

ஓடு அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் மற்ற மீன்களோடு மேல்மட்டத்துக்கு வந்து மிதப்பதைப் பிடித்துச் சாப்பிட்டது. கோமாளிகள் கையைக் கண்டு வரும்போது அவற்றின் பின்னாலேயே அதுவும் வரப் பழகியது. நோட்டில் கடைசிப் பதிவு ஏப்ரல் கடைசி வாரத்தில் நின்றுவிடுகிறது. அதன்பின் எழுத எதுவும் இருக்கவில்லை. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு பழவேற்காடு போய் அந்த அக்காவைத் தேடிச் சொன்னேன். “பாதி தொறந்து வச்சியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு மட்டி அளக்கப் போனார்.

ஊசிமூக்கன் எங்கள் வீட்டில் மூன்றே முக்கால் வருடம் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் தொட்டியையே இழந்தோம். அதுவரை ஒவ்வொரு காலையிலும், நான் விளக்குப் போடுமுன், அது முதலில் அந்த ஓட்டுக்குப் போகும். துளைகளில் நான் எதுவும் வைத்து வருடங்கள் ஆகியிருந்தன. பன்னிரண்டிலும் ஒவ்வொன்றாக மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே வரும்.